எண்பது சென்ட் புல்

புல் வெட்டும் இயந்திரம் வாங்குவதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஓஹையோவில் வீடு வாங்கும்வரை எனக்கும் அப்படித்தான். எங்கள் மனை ஒரு ஏக்கர். கொலம்பஸ் நகருக்கு வடக்கே, டெலவேர் கவுண்டியில் இது பெரிய சொத்தும் இல்லை, அதிசயமும் இல்லை. வீடு, கார் போகும் பாதை, மரத்தடிகள் எல்லாவற்றையும் கழித்தால் எண்பது சென்ட் மிஞ்சும். அத்தனையும் புல். தள்ளிக்கொண்டு போகும் மோவரின் வெட்டு அகலம் 21 அங்குலம். அதைக் கொண்டு எண்பது சென்ட்டை வெட்டி முடிக்க நாலு மைல் நடக்கவேண்டும். வரிக்கு வரி கொஞ்சம் ஏறி வெட்டுவது, மூலைகளில் திரும்புவது எல்லாம் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து நவம்பர் முதல் வாரம்வரை வாரத்துக்கு ஒரு தடவை. மே மாதத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்தால் ஐந்தாம் நாளே கணுக்காலுக்கு வந்துவிடும்.

அதனால்தான் இங்கே ஒரு ஏக்கர்காரர்கள் உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர் வைத்திருக்கிறார்கள். குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். வயிற்றுக்கடியில் 42 அங்குல அகலத்துக்கு வெட்டும் தட்டு. எங்களுக்கும் ஒன்று வீட்டோடு வந்தது, முந்தைய உரிமையாளர் கராஜில் விட்டுப்போனது. ஏழு வருஷம் உழைத்துவிட்டுப் போன அக்டோபரில் டிரான்ஸ்மிஷன் போய்ப் படுத்துக்கொண்டது. சரிசெய்கிற காசுக்கு அது பெறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

குளிர்காலம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. மறுபடியும் ரைடிங் மோவரா, இல்லை தானே வெட்டிக்கொள்ளும் ரோபோவா? என் கணவருக்கு முதுகுத்தண்டு டிஸ்க்கில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. குலுங்கும் வண்டியில் ஒரு மணி நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு விடை தெளிவாக இருந்தது. “ரோபோ வாங்கிட்டா இந்தப் புல்லைப் பத்தின நினைப்பே நமக்கு வேண்டாம்” என்றார். ஆள் வைத்து வெட்டுவதையும் விசாரித்தோம். ஒரு தடவைக்கு 65 டாலர் கேட்டார்கள். வருஷத்துக்கு 28 தடவை என்றால் 1,820 டாலர். இரண்டு வருஷத்தில் ஒரு நல்ல இயந்திரத்தின் விலையை அது தொட்டுவிடும்.

புல்லே வேண்டாம் என்று விட்டுவிட முடியாதா? முடியாது. ஓஹையோவின் சட்டம் டவுன்ஷிப்புக்கு ஓர் அதிகாரம் தந்திருக்கிறது. செடிகொடி மண்டித் தொந்தரவாக இருப்பதாக முடிவுசெய்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அவர் கேட்காவிட்டால் ஆள்விட்டு வெட்டி, செலவைச் சொத்துவரியோடு சேர்த்துவிடலாம். நோட்டீஸுக்கு முன்னால் அக்கம்பக்கத்தின் பார்வை வந்து சேரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூயார்க்குக்குப் பக்கத்தில் வரிசைவரிசையாகக் கட்டப்பட்ட லெவிட்டவுனில், வாரம் ஒரு முறை புல் வெட்டவேண்டும் என்பதை வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். இன்று பத்திரத்தில் எழுதத் தேவையில்லை. எல்லார் மனசிலும் எழுதியிருக்கிறது.

நாசாவில் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா மிலேசியும் அவருடைய குழுவினரும் 2005-இல் ஒரு கணக்கைப் போட்டார்கள். அதன்படி அமெரிக்காவின் புல்தரைகளைச் சேர்த்து வைத்தால் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் வரும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். இதில் வீட்டு முற்றம், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் அடங்கும். இந்தப் புல்லுக்கான விதையும் உரமும் விற்றே வளர்ந்த ஸ்காட்ஸ் கம்பெனி 1868-இல் தொடங்கியது எங்களுக்குப் பக்கத்து ஊரான மேரிஸ்வில்லில்தான். இங்கே பரவலாக விதைக்கும் புல்லுக்குக் கென்டக்கி புளூகிராஸ் என்று பெயர். பெயர்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலிருந்து.

முதல் மோவரும் அங்கிருந்துதான். 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நெசவாலையில் கம்பளித் துணியின் மேல் துருத்தும் நூலை மழிக்கும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. துணியை மழிப்பதுபோல் நிலத்தை மழிப்பது. அதற்குமுன் அரிவாளாலோ ஆடுகளாலோ நடந்த வேலை. ஆடுகள் ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. முதல் உலகப் போரின்போது 1918-இல் ஜனாதிபதி வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறி ஆடுகளை மேயவிட்டார். ஆள் மிச்சமானது, கம்பளியை ஏலம்விட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கொடுத்தார்கள். 1995-இல் ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா கம்பெனி சூரிய ஒளியில் ஓடும் ரோபோ மோவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது ஒருவிதத்தில் ஆட்டுக்குத் திரும்பியதுதான். மெதுவாக, நாள் முழுக்க, கொஞ்சம்கொஞ்சமாக மேய்ந்துகொண்டிருக்கும்.

ரோபோ எப்படி வெட்டுகிறது என்பதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆமை அளவில் ஒரு பெட்டி. அடியில் சுழலும் தட்டில் சவரப் பிளேடு மாதிரி மூன்று சின்னக் கத்திகள். பழைய வகைகளுக்கு மனையைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு கம்பி பதிக்கவேண்டும். புதியவை செயற்கைக்கோளையும் கேமராவையும் வைத்து எல்லையைப் புரிந்துகொள்கின்றன. வாரத்துக்கு ஒருநாள் மூன்று அங்குலம் வெட்டும் வேலையே அதற்குக் கிடையாது. தினமும் நுனியில் கொஞ்சூண்டு. வெட்டின துணுக்கு அங்கேயே விழுந்து மக்கி உரமாகும். புல்லுக்கு இது உண்மையிலேயே நல்லது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்று இங்கே எல்லாரும் சொல்லும் விதியை, ரோபோ யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. பாட்டரி தீர்ந்தால் தானே கூட்டுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

எங்கள் அளவுக்குக் கம்பி வேண்டாத ரோபோ 3,000 டாலரிலிருந்து 5,000 டாலர்வரை சொன்னார்கள். பெட்ரோல் ரைடிங் மோவர் 2,500 டாலர் வாக்கில் கிடைக்கும். பெட்ரோல் வேண்டாம் என்பதில் இருவருக்கும் மாறுபாடு இல்லை. கலிஃபோர்னியா 2024 மாடல்களிலிருந்து இந்தவகைச் சிறு பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்கே கதவை மூட ஆரம்பித்துவிட்டது. பாட்டரியில் ஓடும் ரைடிங் மோவர் 4,500 டாலர். ஆக விலையிலும் புகையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. மிச்சமிருந்த வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்றில் ஆள் உட்கார்ந்திருப்பார், இன்னொன்றில் இருக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா.

அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இருபத்துநாலு வருஷம் டிவிஎஸ் 50-இல் பள்ளிக்கூடம் போய்வந்தாள். காய்கறி, பாங்க், தபாலாபீஸ், சாவு வீடு, கல்யாண வீடு எதற்கும் யாரையும் எதிர்பார்த்தவள் இல்லை. அப்பா போனபிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறாள். வந்தால் ஆறு மாசம். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. பக்கத்துக் கடைக்கு நாலு மைல். கோயிலுக்கு நான் கூட்டிப்போனால்தான் உண்டு. இங்கே வரும் எல்லாப் பெற்றோரும் ஒரு கட்டத்தில் சொல்வதை அவளும் சொன்னாள்: “ஜெயில்தான்டி. ஆனா சாப்பாடு நல்லா போடறீங்க.”

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஒருநாள் என் கணவர் வெட்டுவதைச் சமையலறை ஜன்னல்வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிவந்ததும் கேட்டாள், “மாப்பிள்ள, இதுக்கு லைசென்ஸ் வேணுமா?”

“நம்ம எடத்துக்குள்ள ஓட்ட வேண்டாம் அத்தை.”

“கியர் உண்டா?”

“பெருசா ஒண்ணும் இல்ல.”

“அப்ப சொல்லிக்குடுங்க.”

புடவை கூடாது என்றதற்கு மறுபேச்சு பேசாமல் என் டிராக் பேன்ட்டையும் ஷூவையும் மாட்டிக்கொண்டாள். இரண்டாம் வாரம் தனியாக ஓட்டினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனி காய்ந்ததும் தொப்பியோடு கிளம்பிவிடுவாள். வேலிக்கு அந்தப்பக்கம் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தன் வண்டியில் அதே நேரத்துக்கு வருவார். இரண்டு பேரும் எல்லைக்கோட்டில் வண்டியை நிறுத்தித் தக்காளியைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசுவார்கள். ஏழு வருஷத்தில் நாங்கள் அவரோடு பேசியதைவிட அந்த ஒரு கோடையில் அம்மா பேசியது அதிகம். ஆறு மாச ஜெயிலில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் யாரையும் கேட்காமல் கிளம்பிப்போக அவளுக்கு ஒரு வண்டி இருந்தது.

இதைச் சொன்னபோது என் கணவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. “அத்தைக்கு இப்ப அறுபத்தேழு. வண்டி கவுந்தா?”

எங்கள் மனையின் பின்பக்கம் மழைநீர் ஓடும் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. பதினைந்து சென்ட் இருக்கும். போனில் இருக்கும் மட்டமானியை வைத்து அளந்தேன்: 18 டிகிரி. ரைடிங் மோவரின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்கின்றன. அதற்குள்ளும் மேலும்கீழுமாகத்தான் ஓட்டவேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. குறுக்கே போனால் பக்கவாட்டில் சாயும். அந்தச் சரிவை இத்தனை வருஷமும் என் கணவர்தான் கைமோவரால் வெட்டினார். இனி அவரால் முடியாது. அம்மாவோ, “இது என்ன, நம்ம ஊர் வாய்க்கால் கரையைவிடச் சரிவா?” என்கிற ஆள். பார்வையாளராக வந்தவர்களுக்கு நாம் வாங்கும் மருத்துவக் காப்பீடு எவ்வளவு தூரம் வரும் என்பது இங்கே பெற்றோரைக் கூட்டிவந்த எல்லாருக்கும் தெரியும். இடுப்பெலும்பு ஒன்று போதும், இரண்டு குடும்பத்தின் சேமிப்பையும் கரைத்துவிடும். ரோபோவுக்கோ 18 டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

ஒன்பது வயது மகளும் இருக்கிறாள். பதினாறு வயதுக்குக் கீழே யாரும் ரைடிங் மோவரை ஓட்டக் கூடாது, குழந்தையை மடியில் வைத்து ஓட்டவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி சொல்கிறது. பின்னால் எடுக்கும்போது குழந்தைமேல் ஏறுவதுதான் மிக மோசமான விபத்து. “அம்மாச்சி, என்னையும் ஏத்திக்கோ” என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் குறுக்கே விழுந்து தடுக்கவேண்டியிருந்தது. “உன்னை டிவிஎஸ்ல முன்னாடி நிக்கவெச்சுத்தானடி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள் அம்மா. நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. டிவிஎஸ்ஸுக்குக் கீழே கத்தி கிடையாது என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் வண்டி கிளம்பினால் மகள் வீட்டுக்குள் என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

இப்படி ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் ரோபோவின் பக்கம்தான் நீளமாக இருந்தது. ஆனால் இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல முயலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்தப் பக்கத்து முயல்கள் வளை தோண்டுவதில்லை. திறந்த புல்தரையில் கையளவு பள்ளம் பறித்து, காய்ந்த புல்லையும் தன் வயிற்று முடியையும் போட்டு மூடி, அதற்குள் குட்டி போடும். தாய் அந்தியிலும் விடிகாலையிலும் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். மற்ற நேரம் அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. அந்தக் கோடையில் ஒருநாள் பாதி வெட்டிக்கொண்டிருந்த அம்மா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு முயல் அந்த இடத்திலேயே வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். குனிந்து புல்லை விலக்கினால் கட்டைவிரல் அளவில் நாலு குட்டிகள். சுற்றிலும் ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை விட்டுவிட்டு வெட்டினாள். மூன்று வாரம் அந்த வட்டம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பிறகு ஒருநாள் காலியாக இருந்தது.

ரைடிங் மோவர் கருணையுள்ள இயந்திரம் என்று சொல்லவில்லை. பார்க்காமல் ஓட்டினால் அதன் கத்தி எதையும் விடாது. ரோபோவுக்கும் இந்த இடத்துக்குப் போகாதே என்று போனில் கோடு போட்டுக் காட்டலாம். ஆனால் கோடு போட, அங்கே ஒரு கூடு இருப்பதை யாராவது முதலில் பார்த்திருக்கவேண்டும். ஐரோப்பாவில் முள்ளெலிகளுக்காக இதைச் சோதித்திருக்கிறார்கள். சோஃபி லுண்ட் ராஸ்முசென் என்ற டென்மார்க் ஆய்வாளரும் குழுவினரும் இறந்த முள்ளெலிகளை வைத்து 18 ரோபோ மோவர்களைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா இயந்திரங்களும் முட்டிப் பார்த்துத்தான் உயிரினம் இருப்பதை உணர்ந்தன. தாயைச் சார்ந்திருக்கும் சின்னக் குட்டிகளை ஒன்றுகூட உணரவில்லை. 2024-இல் ஜெர்மனியின் கொலோன் நகரம் இரவில் ரோபோ மோவர் ஓட்டத் தடைபோட்டது. கேமராக்கள் அதற்குப்பின் மேம்பட்டிருக்கின்றன, இன்னும் மேம்படும். என் உறுத்தல் கேமராவைப் பற்றியதல்ல. “நினைப்பே வேண்டாம்” என்று என் கணவர் சொன்னதைப் பற்றியது. எண்பது சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு அதைப் பற்றின நினைப்பே இல்லாமல் இருப்பதற்கா அவ்வளவு காசு?

தினமும் வெட்டுகிற இயந்திரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் தரையில் புல் வளர்வதையே பார்க்க முடியாது. எதிர்வீட்டுத் தரை ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் ஒரே உயரம். வாரம் ஒருமுறை வெட்டும் தரையில் அந்த ஏழு நாளுக்குள் என்னென்னவோ நடக்கும். வெள்ளைக் குளோவர் பூக்கும், தேனீ வரும், டாண்டெலியன் மஞ்சளாகித் தலை நரைத்துப் பறக்கும். ஒருகாலத்தில் குளோவரைப் புல்விதையோடு கலந்தே விற்றார்கள். 1940-களில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. அது அகன்ற இலைச் செடிகளையெல்லாம் கொல்லும், குளோவரையும் சேர்த்து. அதற்குப்பிறகுதான் குளோவர் களையானது. இன்று வெட்டலாமா, நாளைக்கு விடலாமா என்று அம்மா வாசலில் நின்று பார்க்கிற பார்வை அந்த ஏழு நாளுக்குள்தான் இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் முடிவெடுத்தோம். பாட்டரி ரைடிங் மோவர். ஆனால் சரிவை அதற்குக் கொடுப்பதில்லை. வண்டி போகக் கூடாத இடத்தில் வெட்டவேண்டிய புல்லும் இருக்கக் கூடாது. இதில் என் கணவருக்கும் முழுச் சம்மதம். உண்மையில் யோசனையே அவருடையது. டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போன்செய்து கேட்டேன். தானாக மண்டினால்தான் பிரச்சினை, செடி நட்டுப் பராமரித்தால் ஆட்சேபம் இல்லை என்றார்கள். நிலவமைப்பு வல்லுநர் ஜோன் நாஸவர் 1995-இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே கைகொடுத்தது. காட்டுத்தனமான நடவைச் சுற்றி ஒழுங்கான ஒரு சட்டகம் இருந்தால், யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று அக்கம்பக்கம் புரிந்துகொள்ளும் என்கிறார். ஆகவே சரிவின் மேல்விளிம்பில் வண்டியின் அகலத்துக்கு ஒரு நேர்வரி வெட்டுகிறோம். அதற்குக் கீழே மில்க்வீட், கோன்ஃப்ளவர், உயரமான நாட்டுப்புல்.

மே மாதம் வந்திறங்கிய அம்மா முதலில் போய்ப் பார்த்தது புதுவண்டியை. “சத்தமே இல்லையேடி, கத்தி சுத்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள். சீட்டைவிட்டு எழுந்தால் தானே கத்தி நின்றுவிடும் என்று காட்டியபிறகு சமாதானமானாள். பிறகு சரிவுக்குப் போனாள். மில்க்வீட்டின் ஓர் இலையைக் கிள்ளினாள். வெள்ளைப் பால் வந்தது. “எருக்கு” என்றாள். சரிதான், இரண்டும் ஒரே குடும்பம். ஊரில் எருக்கில் முட்டையிடும் ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியும் இங்கே மில்க்வீட்டில் முட்டையிடும் மோனார்க்கும்கூட நெருங்கிய சொந்தம்தான். முதல் வருஷம் என்பதால் செடிகள் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. களை பறிக்கிற வேலை புல் வெட்டுவதைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. அது என்மேல் விழுந்திருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் ரோபோவை வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே இருக்கிறார். அவருக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. தனியாள். அவருக்கு அது சரியான முடிவு. வாங்கும் யோசனையோடு கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான். முதலில் சரிவை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா, யாருடைய முதுகு எப்படி என்று பாருங்கள். இவ்வளவு புல் வேண்டுமா என்று கேளுங்கள். அதற்கப்புறம், இந்த வேலையிலிருந்து விடுபட விரும்புகிறவர் யார், இது போய்விட்டால் எதையோ இழக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் வேறுவேறு ஆட்களாக இருந்தார்கள்.

புதுவண்டி நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் ஓடும் என்றார் கடைக்காரர். அம்மா வலது முட்டிக்கு இப்போதே தைலம் தேய்த்துக்கொண்டுதான் ஏறுகிறாள். அக்டோபரில் ஊருக்குத் திரும்புகிறாள். அடுத்தமுறை வருவாளா, வந்தாலும் ஏறமுடியுமா என்பது வாங்கும்போதே எங்கள் இருவருக்கும் தெரிந்த கேள்விதான். அவளால் முடியாத வருஷம் வந்தால் வண்டியை விற்றுவிட்டு ரோபோ வாங்குவது என்று பேசிவைத்திருக்கிறோம். அதை அவளிடம் சொல்லவில்லை.